சவானாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் பழைய துறைமுக ஊர் சவானா. அட்லாண்டாவிலிருந்து காரில் நாலு மணி நேரம்தான். மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஜார்ஜியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் சவானாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போய்வந்தபின் கேட்டால், ஆற்றங்கரை அழகாக இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ரிவர் ஸ்ட்ரீட்டிலேயே பொழுதைக் கழித்துவிடுவதுதான் முதல் தவறு. பழைய பருத்திக் கிடங்குகளில் இப்போது கடைகள், எதிரே மாடிக் கட்டடம் உயரத்துக்குக் கன்டெய்னர் கப்பல்கள் போகும். நின்று பார்க்க வேண்டிய காட்சிதான். அக்கரைக்குப் போகும் சிறிய படகுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஊர் இருப்பது மேட்டின் மேல். 1733-ல் ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் அங்கேதான் தெருக்களுக்கு நடுவே திறந்த சதுக்கங்களை விட்டு ஊரை வகுத்தார். பிற்காலத்தில் 24 ஆக வளர்ந்த சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. ஆற்றிலிருந்து மேலே ஏறும் கல்படிகள் செங்குத்தானவை. கீழே பாவியிருப்பதும் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றிவந்த கரடுமுரடான கற்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் காரில் சுற்ற நினைக்காதீர்கள். ஒவ்வொரு சதுக்கத்தையும் வளைத்து வளைத்துப் போவதில் எதுவுமே கண்ணில் படாது. காரை எங்காவது நிறுத்திவிட்டு ஜான்சன் சதுக்கத்திலிருந்து புல் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடங்கள். ஐந்து சதுக்கங்களைத் தாண்டி ஃபோர்சித் பூங்கா வரை ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் ஓக் மர நிழல்.

நடந்தாலும் ரைட் சதுக்கத்தில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. நடுவே தூண்களோடு நிற்கும் பெரிய நினைவுச்சின்னத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது ரயில்வே அதிபர் வில்லியம் கார்டனுக்கு 1883-ல் எழுப்பியது. இந்தச் சதுக்கத்தில் 1739-ல் அடக்கம் செய்யப்பட்டவர் வேறொருவர்: இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான யமக்ரா மக்களின் தலைவர் டோமோச்சிச்சி. ஓகில்தோர்ப் இங்கே குடியேற இடம் கொடுத்தவர். அவருக்கென்று சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் பாறையை வைத்தது 1899-ல்தான். அதற்கு முன்நின்றவர் அந்தக் கார்டனின் மருமகளே. தயவுசெய்து அந்தப் பாறைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போனால் கால்ஹூன் சதுக்கம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அடிமைமுறைக்காக வாதாடிய அரசியல்வாதியின் பெயர் அது. 2022-ல் அதை நீக்கிவிட்டு, அடுத்த ஆண்டு சூசி கிங் டெய்லரின் பெயரை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து, இந்த ஊரிலேயே ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆசிரியையாகவும் செவிலியாகவும் உழைத்தவர். அப்புறம், ‘ஃபாரஸ்ட் கம்ப்’ திரைப்படத்தில் நாயகன் உட்கார்ந்த பெஞ்சைச் சிப்பேவா சதுக்கத்தில் தேட வேண்டாம். படப்பிடிப்புக்காக வைத்த பெஞ்சு அது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இருக்கிற ஒரே மாலையைப் பேய்க்கதைச் சுற்றுலாவுக்குக் கொடுத்துவிட்டு ஊரின் உண்மையான கதையைக் கேட்காமலே திரும்புவதுதான். பருத்தியால் செழித்த ஊர் இது. 1859-ல் ஊரை ஒட்டிய குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டே நாளில் அடிமைகளாக வைத்திருந்த 400-க்கும் மேற்பட்ட மனிதர்களை ஏலம் போட்டார்கள். 1819-ல் கட்டிய ஓவன்ஸ்-தாமஸ் மாளிகைக்குப் போனால் முன்கூடத்தோடு நின்றுவிடாதீர்கள். பின்பக்கம் அடிமைகள் தங்கிய அறைகளில் அண்ணாந்து பாருங்கள். உட்கூரையில் நீலச் சாயம் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டியிருக்கிறது. தீய ஆவிகளை அந்த நிறம் அண்டவிடாது என்பது இந்தக் கடலோரத்து ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை. ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் இருக்கும் ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்திலும் தரையைக் கவனியுங்கள். பலகையில் துளைகள் ஒரு கோலமாக அமைந்திருக்கும். தப்பி ஓடிவந்த அடிமைகள் கீழே ஒளிந்திருந்தபோது மூச்சுவிட இட்ட துளைகள் என்று அந்தச் சபையில் சொல்லிவருகிறார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கீரைதானே என்று காலர்ட் கிரீன்ஸ் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். தக்காளி போட்ட ரெட் ரைஸ் சோற்றிலும் அப்படித்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பொனவெஞ்சர் கல்லறைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே, ஆற்றோரம். மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள், அதனால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மரங்களில் சடைசடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் கீழே விழுந்து கிடந்தால் பிள்ளைகள் அள்ளி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும் பூச்சிகள் அதில் இருக்கும்.

டைபீ தீவின் கடற்கரைக்குப் போகிறவர்கள் கடல் ஏற்ற நேரத்தைப் பார்க்காமல் கிளம்புவதும் தவறு. தீவுக்குச் செல்வது ஒரே சாலை, சதுப்புநிலத்தின் நடுவே போகிறது. ஏற்றம் மிக அதிகமான நாட்களில் தண்ணீர் சாலைக்கே வந்துவிடும். வழியில் இருக்கும் புலாஸ்கி கோட்டையைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பூட்டியிருக்கும். முதலில் அங்கே இறங்குங்கள். அசைக்க முடியாதது என்று நம்பியிருந்த அந்தச் செங்கல் சுவரை 1862 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின்போது புதுவகைப் பீரங்கிகள் சுமார் 30 மணி நேரத்தில் உடைத்துவிட்டன. குண்டு துளைத்த குழிகளை வெளிச்சுவரில் இன்றும் பார்க்கலாம்.