உலகத்தை எழுதுமுன் மந்திரப் பட்டியலைப் படியுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டத்தில் முதன்முதலாக நான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவனாக, உட்கார்ந்தபோது கையில் நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஏழு வருடமாக மழை பெய்யாத ஒரு நாடு, தண்ணீருக்காகத் தம்பியைக் கொன்ற அரசன், மூன்று தலைமுறை வம்சாவளி, கலர் பென்சிலில் வரைந்த வரைபடம் வேறு. ஆட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, தாகத்தில் செத்துக்கொண்டிருக்கும் கிராமத்தை நான் உருக்கமாக வர்ணித்துக்கொண்டிருந்தேன், க்ளெரிக்காக, அதாவது மந்திரம் தெரிந்த பூசாரியாக ஆடிய நண்பன், தன் திறமைகளும் மந்திரங்களும் எழுதிய ஷீட்டைப் பார்த்துவிட்டு, "மச்சி, தண்ணி வரவழைக்கிற மந்திரம் என்கிட்ட இருக்கே, போட்டுடவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சமாளிக்கத் தெரியாமல் "இந்த நாட்டில் அது வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது. நியாயம்தான், அரை மணி நேரம் யோசித்து எடுத்த மந்திரத்தை ஒரு வாக்கியத்தில் பிடுங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்.

தப்பு என்னுடையது. விதிப் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு மந்திரமும் அந்த உலகத்தைப் பற்றிய ஒரு தகவல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சொந்தமாக ஒரு உலகம் கட்டி நண்பர்களுக்கு ஆட்டம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வரும் எண்கள் 2014 விதிகளின்படி. 2024-இல் திருத்தி வந்த புத்தகங்களை வைத்திருப்பவர்களுக்குச் சில எண்கள் மாறும், வழிமுறை மாறாது. புத்தகம் வாங்கக் காசு இல்லை என்றால் கவலை வேண்டாம், எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள், தொடங்க அது தாராளமாகப் போதும்.

ஆடியே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வேக அறிமுகம். ஆடுகிறவர் ஏற்கும் பாத்திரம்தான் கேரக்டர். ஒவ்வொரு கேரக்டருக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள். 10 என்றால் சராசரி, கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம்; 16 என்றால் +3. கைவந்த திறமையாக இருந்தால் முதல் நாலு லெவல்வரை (லெவல் என்பது கேரக்டர் ஆடஆட ஏறும் படி) அதற்குமேல் இன்னொரு +2. இருபது முகப் பகடையை உருட்டி இதையெல்லாம் கூட்டினால் டிஎம் வைத்திருக்கும் எண்ணைத் தொட வேண்டும்: சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதற்கு 20. சூழ்நிலை சாதகமாக இருந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மீதி எல்லாம் ஆடஆட வரும்.

சரி, உலகத்துக்கு வருவோம். உங்கள் உலகத்தின் அடிப்படைத் துயரம் என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். பஞ்சம், கொள்ளைநோய், கொலை மர்மம், செத்துப்போன இளவரசன், எதுவாகவும் இருக்கட்டும். அப்புறம் மந்திரப் பட்டியலை எடுத்து, அந்தத் துயரத்தைத் தீர்த்துவைக்கும் மந்திரம் எது, அது எந்த லெவலில் கைக்கு வருகிறது என்று தேடுங்கள். கண்டிப்பாக ஒன்று இருக்கும். பஞ்சக் கதையா? குட்பெரி என்று முதல் நிலை மந்திரம் இருக்கிறது, பத்துப் பழம் வரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. கொள்ளைநோயா? லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் தொட்ட மாத்திரத்தில் ஒரு நோயைப் போக்கிவிடும், க்ளெரிக்குக்கு மூன்றாம் லெவலிலேயே கிடைக்கிறது. கொலை மர்மம் என்றால் இன்னும் மோசம், ஐந்தாம் லெவலில் ஸ்பீக் வித் டெட் வந்துவிடும், பிணத்திடமே ஐந்து கேள்வி கேட்கலாம், நீங்கள் மூன்று வாரமாக ஒளித்துவைத்த கொலைகாரன் பெயரை அது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் பெரும்பாலான டிஎம்கள் செய்வது நான் செய்ததைத்தான், மந்திரத்தைத் தடை செய்வது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மந்திரத்தின் விவரணையை நிதானமாக, வரிவரியாகப் படியுங்கள், ஏனென்றால் கதை அந்தச் சின்ன நிபந்தனைகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஸ்பீக் வித் டெட் பலிக்கப் பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அந்த உலகத்தில் விவரம் தெரிந்த கொலைகாரன் என்ன செய்வான்? தாடையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவான். தாடை இல்லாத பிணம் கிடந்தால் ஊர்க்காவலர்கள் அதைப் பார்த்ததுமே இது குடிவெறியில் நடந்ததல்ல, கூலிக்கு வந்தவன் வேலை என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, கேட்கிறவன் பிணத்திடம் பகையோடு நடந்தாலோ, பிணம் அவனை எதிரி என்று அடையாளம் கண்டாலோ, அது உண்மையே பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதே மாதிரி செத்தவரை உயிர்ப்பிக்கும் ரெய்ஸ் டெட் போட 500 தங்கக்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், செத்துப் பத்து நாளுக்குள் போட வேண்டும். ஆக, அந்த ஊரில் வைரம் நகைக்கு இல்லை, உயிருக்கு. வைர வியாபாரி வீட்டு வாசலில் யார் யார் நிற்பார்கள், கருவூலத்தில் எத்தனை வைரம் இருக்கிறது என்பது ஏன் அரச ரகசியம், பதினோராவது நாள் வந்து சேரும் தூதனுக்கு என்ன ஆகும்... நான் எதையும் கற்பனை செய்யவே இல்லை பாருங்கள், புத்தகத்தில் இருப்பதைப் படித்தேன், அவ்வளவுதான்.

என் தண்ணீர் விவகாரத்துக்கும் இப்படித்தான் விடை கிடைத்தது. அந்த மந்திரத்தை ஒரு தடவை போட்டால் பத்து கேலன் தண்ணீர் வரும், சுமார் 38 லிட்டர். முதல் லெவல் க்ளெரிக் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் முதல் நிலை மந்திரம் போட முடியும், ஆக இருபது கேலன். அதே விதிப் புத்தகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் வேண்டும், வெயில் காலத்தில் இரண்டு கேலன் என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு க்ளெரிக் வெயிலில் பத்துப் பேரைக் காப்பாற்றலாம், அதுவும் வேறு எந்த மந்திரமும் போடாமல். கிராமத்தில் இருநூறு பேர். கோயிலில் மூன்று க்ளெரிக். முப்பது பேருக்குத் தண்ணீர் உண்டு, நூற்றெழுபது பேருக்கு இல்லை. அந்த முப்பது பேர் யார், யார் தீர்மானிக்கிறார்கள், பூசாரியின் மச்சினன் எத்தனை நாளாக வரிசையில் நிற்காமலே குடத்தை நிரப்பிக்கொண்டு போகிறான்? மந்திரம் பஞ்சத்தைத் தீர்க்கவில்லை, பஞ்சத்துக்கு ஒரு முதலாளியை உண்டாக்கிவிட்டது. தம்பியைக் கொன்ற அரசனைவிட இந்தக் குடக்கார மச்சினன் கதைக்கு எவ்வளவோ மேல்.

கணக்கு போதவில்லை என்றால் அடுத்த வழி, மந்திரத்துக்கு ஒரு விலை வைப்பது. இதற்கு நல்ல முன்னோடி இதே ஆட்டத்துக்காக 1991-இல் வந்த டார்க் சன் உலகம். அங்கே மந்திரவாதி மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்சித்தான் போட முடியும். பதமாக எடுப்பவன் ஒரு வகை, மண்ணைச் சாம்பலாக்கிவிட்டுப் போகிறவன் இன்னொரு வகை. விஷமம் எங்கே என்றால், சாம்பலாக்குகிறவன்தான் சீக்கிரம் லெவல் ஏறுவான், விதியே அப்படி. ஆடுகிறவனுக்கு ஆசை காட்டும் விதி அது, நாற்பது பக்கம் எழுதினாலும் அந்த உலகம் ஏன் பாலைவனமானது என்பதை அவ்வளவு நன்றாகப் புரியவைக்க முடியாது. நான் வெட்கமில்லாமல் அங்கிருந்துதான் திருடினேன். என் உலகத்தில் மந்திரத் தண்ணீர் சும்மா வருவதில்லை, பக்கத்து ஊர் ஏரியிலிருந்து வருகிறது. ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண், அதில் இருபது கோடுகள். யாராவது அந்த மந்திரத்தைப் போட்டால் எங்கோ ஓர் ஏரியில் ஒரு கோடு இறங்கும். எந்த ஏரி என்று போடுகிறவனுக்குத் தெரியாது. லிட்டர் கணக்குக்கு இது ஒத்துவராது என்று ஒருவன் சண்டைக்கு வந்தான், மந்திரத்தில் சேதாரம் உண்டு, நகைக்கடைக்கு மட்டும்தானா என்றேன்.

விலை வைப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், கேரக்டர் உருவாக்கும்போதே. நடுவில் திணித்தால் என் நண்பன் முகம்தான் உங்களுக்கும் பார்க்கக் கிடைக்கும்.

ஒரு விஷயம் சிரிப்பாக இருக்கும், புத்தகம் போடும் கம்பெனிகளுக்கும் இதே தலைவலி உண்டு. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின், அதாவது கூலிக் கொலைகாரன் என்ற கேரக்டர் வகையை நீக்கிவிட்டார்கள். இந்த ஆட்டத்தின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தில் ஏற்கெனவே இருந்த அசாசின்களை என்ன செய்வது? கடவுள்கள் பூமிக்குத் துரத்தப்பட்ட ஒரு குழப்ப காலத்தில் எல்லா அசாசின்களும் ஒட்டுமொத்தமாகச் செத்தார்கள் என்று கதை எழுதிவிட்டார்கள். விதி மாறியது, கதை பின்னாலேயே ஓடிவந்தது.

எவ்வளவு எழுதுவது? ஒரு பக்கம். 2002-இல் இந்த ஆட்டத்துக்குப் புது உலகம் தேடி நடந்த போட்டிக்கு 11,000-க்கும் மேல் யோசனைகள் வந்து குவிந்தன, முதல் சுற்றுக்குக் கேட்டது ஒரு பக்கச் சுருக்கம்தான். ஜெயித்தது எபரான், 2004-இல் புத்தகமாக வந்தது. மந்திரம் நிஜமாகவே இருந்தால் அதை வைத்து யாராவது கடை போட்டிருப்பார்களே என்ற கேள்வியை அந்த உலகம் கடைசிவரை விடவில்லை: காசு வாங்கிக்கொண்டு குணப்படுத்தும் குடும்பம் இருக்கிறது, மின்னலில் ஓடும் ரயில் இருக்கிறது. அதில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, சைர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்துபோகிறது, ஏன் என்று வேண்டுமென்றே எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை. அதை அந்தந்த டிஎம் முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் ஒரு பக்கத்திலும் அப்படி ஓர் ஓட்டை இருக்கட்டும், ஆடுகிறவர்கள் தாங்களாகவே சொல்லும் ஊகங்களில் ஒன்று உங்கள் விடையைவிட நன்றாக இருக்கும், சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய தகவலை அடுக்கடுக்காக வைத்துக்கொள்வது நல்லது. என் கல்தூணையே எடுத்துக்கொள்ளுங்கள். பகடை உருட்டாமலே தெரிவது: தூணில் இருபது கோடுகள், தண்ணீர் ஒன்பதாவதில் நிற்கிறது. வரலாற்றுத் திறமையில் 10 தொட்டால்: ஐந்தாவது கோட்டுக்குக் கீழே போனால் மதகைத் திறக்கக் கூடாது என்பது பழைய ஊர்க் கட்டுப்பாடு. 15 தொட்டால்: கீழே உள்ள ஆறு கோடுகள் வேறு உளியால் பின்னாளில் செதுக்கியவை. 20 தொட்டால்: அந்த உளி வேலை கோயில் படிக்கட்டில் இருக்கும் வேலையேதான். +5 வைத்திருப்பவனுக்கு 15 தொட 55 சதவீத வாய்ப்பு, 20 தொட 30 சதவீதம். கதை நகரக் கட்டாயம் தேவையான எதையும் இந்த எண்களுக்குப் பின்னால் பூட்டாதீர்கள், உருட்டல் தவறினால் நீங்கள்தான் முழிப்பீர்கள். அந்த ஊரிலேயே பிறந்த கேரக்டர் என்றால் அட்வான்டேஜ் கொடுங்கள்; திறமையே இல்லாதவனுக்கும் 15 தொடும் வாய்ப்பு 30-இலிருந்து 51 சதவீதமாகிவிடும், தன் கேரக்டருக்கு ஒரு சொந்த ஊர் எழுதிவைத்ததற்குப் பலன் கிடைத்தது என்ற சந்தோஷமும் அவனுக்கு இருக்கும்.

முதல் சண்டை பற்றி ஓர் எச்சரிக்கை. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் வெறும் சுண்டைக்காய் என்று நினைத்து முதல் லெவலில் நாலு பேருக்கு எதிராக நாலு கோப்ளினை இறக்குவார்கள். புத்தகக் கணக்கில் அது உயிருக்கு ஆபத்தான சண்டை என்ற பட்டியலில் வருகிறது: ஒன்றுக்கு 50 அனுபவப் புள்ளி, நாலுக்கு 200, கூட்டமாக வருவதால் இரண்டு மடங்கு 400, நாலு முதல் லெவல் ஆட்களுக்கு அபாய எல்லை சரியாக 400. உடலுறுதி 12 உள்ள விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, ஏழு ஹிட் பாயின்ட் இருக்கும், அவ்வளவு அடிதான் தாங்குவான். கோப்ளின் வெட்டு ஆறு முகப் பகடை கூட்டல் இரண்டு, தாக்கும்போது இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் இரண்டு ஆறு முகப் பகடை, அதிகபட்சம் 14. பூஜ்யத்துக்குப் போன பிறகும் மிச்ச அடி முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் உடனடி மரணம் என்பது விதி, 14-இல் 7 போக மிச்சம் 7, ஆள் காலி, காப்பாற்ற ஒரு உருட்டல்கூடக் கிடையாது. அபூர்வம்தான், ஆனால் அந்த அபூர்வம் முதல் செஷனிலேயே வரும் என்பது என் அனுபவம். இரண்டு கோப்ளினோடு தொடங்குங்கள், ஒன்று விழுந்ததும் மற்றது ஓடட்டும், அது எங்கே ஓடுகிறது என்று துரத்திக்கொண்டு போவதிலேயே அடுத்த ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

என் பழைய க்ளெரிக் நண்பனை ஏரி உலகத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். அதே மந்திரம், அதே கிராமம், வாசலில் ஒரு கிழவி வெறும் குடத்தோடு. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். "எந்த ஏரின்னு தெரியாதுல்ல?" என்றான். தெரியாது என்றேன். போட்டான். இரண்டு செஷன் கழித்து அடுத்த ஊருக்குப் போனதும் யாரிடமும் பேசாமல் முதலில் மதகடிக்குப் போய்க் கோடுகளை எண்ணினான்.