க்ரான் வேலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க

க்ரான்டேபில் (லினக்ஸில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளின் பட்டியல்) இருக்கும் ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் 'ஃப்ளாக் -என்' (flock -n) என்ற கட்டளையையும் ஒரு பூட்டுக் கோப்பின் பாதையையும் சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பேக்கப் ஒருநாள் இருபது நிமிடம் இழுத்தாலும், அடுத்தது அதன் மேல் ஏறாது. பூட்டு கிடைக்காமல் உடனே விலகிவிடும்.

பலர் ஸ்கிரிப்டிலேயே பிஐடி கோப்பு (ஓடும் வேலையின் எண்ணைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதிச் சமாளிக்கிறார்கள். ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், அப்புறம் யாராவது கையால் அழிக்கும்வரை வேலை ஓடாது. ஃப்ளாக்கின் பூட்டை இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைத்திருக்கிறது. 'கில் -9' கொடுத்து ஸ்கிரிப்டை வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும் சர்வர் ரீபூட் ஆனாலும் பூட்டு தானாக விடுபடும். பூட்டுக் கோப்பு மட்டும் மிச்சமிருக்கும், அதை அழிக்கவே கூடாது. அழித்தால் அடுத்த ஓட்டம் புதிய கோப்பைப் பூட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்தே ஓடும்.

கோப்பைத் தயவுசெய்து டெம்ப் அடைவில் வைக்காதீர்கள். அங்கே வேறு பயனர் யாரும் முந்திக்கொண்டு அதைப் பூட்டி, உங்கள் பேக்கப்பை ஓடவிடாமல் செய்யலாம். அந்த வேலையை ஓட்டும் பயனருக்கு மட்டும் அனுமதியுள்ள அடைவுதான் சரி.

ஒரே வேலை இரண்டு சர்வர்களில் ஓடினால் இது உதவாது. பூட்டுக் கோப்பு அந்தந்த இயந்திரத்தில் இருப்பதால் பூட்டும் அதற்கு மட்டுமே. ஸ்கிரிப்ட் பின்னணியில் டீமன் (தான் முடிந்த பிறகும் தொடர்ந்து ஓடும் நிரல்) எதையாவது கிளப்பிவிட்டால், பூட்டு அதனிடமே தங்கிவிடும். அதைத் தவிர்க்க ஃப்ளாக்குடன் '-ஓ' (-o) சேர்க்க வேண்டும். வேலை தொங்கிப்போனால் அடுத்தவை சத்தமில்லாமல் விலகிக்கொண்டே இருக்கும் என்பதால், குறித்த நேரத்துக்கு மேல் ஓடும் வேலையை நிறுத்தும் 'டைம்அவுட்' (timeout) கட்டளையையும் கூடவே போடுங்கள்.