விஸ்பர் டிகோட் ஆகாததற்குக் காரணம் மேசை ஃபேன்

கல்லடி வீட்டில் யூஎஸ்பி டொங்கிள் ரிசீவரை வைத்து 10 மீற்றர் (28 மெகாஹேர்ட்ஸ்) விஸ்பர் சிக்னல்களைப் பிடிக்கப் பார்த்தேன். விஸ்பர் (WSPR) என்பது அமெச்சூர் வானொலிக்காரர்கள் மிகக் குறைந்த வலுவில் அனுப்பும் டிஜிட்டல் சிக்னல். திரையில் சிக்னல்கள் கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் ஒன்றுகூட டிகோட் ஆகவில்லை.

முதலில் மென்பொருளில் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் அதிர்வெண் திருத்தம் போட்டேன். கோடு சரியான இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். நிலையான விலகலுக்குத்தான் அது மருந்து. அப்புறம் அன்ரனா, வயர் என்று மாற்றியதில் நாட்கள் வீணாகின.

கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அது ஒரு பக்கமாகச் சாயவில்லை, பாம்பு மாதிரி நெளிந்தது. மேசை ஃபேன் டொங்கிள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு நெளிவு! ஃபேனை நிறுத்தினேன், கோடு நேரானது.

டொங்கிளின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் 28.8 மெகாஹேர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ளே இருக்கிறது. அது காற்றுப் பட்டால் குளிர்ந்து, காற்று விலகினால் சூடாகிறது; கூடவே அதிர்வெண்ணும் ஆடுகிறது. 28 மெகாஹேர்ட்ஸில் 0.1 பிபிஎம் என்றாலே 2.8 ஹேர்ட்ஸ். விஸ்பரின் தொனிகளுக்கு இடையே இருப்பதோ சுமார் 1.46 ஹேர்ட்ஸ்தான். சீராகச் சாயும் கோட்டை டிகோடர் ஓரளவு சமாளிக்கும், முன்னும் பின்னும் ஆடுவதைச் சமாளிக்காது.

மட்டக்களப்பு வெக்கையில் ஃபேன் போடாமல் இருக்க முடியாதே. டொங்கிளைத் தடித்த அலுமினியப் பெட்டிக்குள் மூடி, நீட்டு வயரில் கணினியை விட்டுத் தள்ளி வைத்தேன். அரை மணி நேரம் சூடாக விட்டுத்தான் இப்போது டிகோட் தொடங்குகிறேன். ஃபேன் சுற்றினாலும் அழைப்புக் குறிகள் வரிசையாக வருகின்றன, பெரிய நிம்மதி. டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் கிரிஸ்டல் அலையியற்றி) உள்ள டொங்கிளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதிலும் நேர்க்காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.