இரண்டாகப் பிரிந்து நின்ற மேற்கோள் கணக்கு

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளத்தில், வரிசைக் கோட்பாடு பற்றிய என் கட்டுரையின் முன்பதிப்பும் (இதழில் வருமுன் இணையத்தில் இட்ட வடிவம்) இதழில் வந்த வடிவமும் தனித்தனிப் பதிவாக நின்று, மேற்கோள்கள், அதாவது அதைச் சுட்டிய மற்ற கட்டுரைகள், 23, 6 என்று பிரிந்து கிடந்தன. கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைப் பார்த்தேன், சரிதான். இரண்டையும் கையால் இணைத்தேன், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி பிரிந்துவிட்டன. நாலு நாள் இப்படியே போனது.

அப்புறம் முன்பதிப்பின் ஆங்கிலத் தலைப்பில் அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே போனபோது, 'எஃபிஷியன்ட்' என்ற சொல்லின் நடுவில் கர்சர் ஒரே அழுத்தில் மூன்று எழுத்தைத் தாண்டியது. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டிய தலைப்பு அது. எஃப், எஃப், ஐ மூன்றும் ஒட்டி ஒரே குறியீடாக வந்திருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். அழித்துவிட்டுக் கையால் தட்டினேன்.

அடுத்த வாரம் ஒரே பதிவு, அப்பாடா! 28 மேற்கோள், ஒரு கட்டுரை இரண்டு வடிவத்தையும் சுட்டியிருந்தது.