ஸ்லீவ், பைபாஸுக்குப் பிறகு எடை நின்றுவிட்டால் என்ன செய்வது?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து மீதியைக் குறுகிய குழாயாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து சேலத்தில் உள்ள வீட்டுக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்தில், அதுவரை நாளுக்கு ஏறக்குறைய அரை கிலோ வீதம் இறங்கிக்கொண்டிருந்த என் எடை, ஒன்பது நாட்கள் அசையாமல் நின்றது. பதறிப்போய், ஏற்கெனவே குருவி கொத்துவதுபோல் இருந்த சாப்பாட்டை மேலும் பாதியாக்கினேன். எடை இறங்கவில்லை, தலைசுற்றல்தான் வந்தது. புதிதாக இந்தச் சிகிச்சையோ, இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸோ செய்துகொண்டவர்கள் அதே தவறைச் செய்யாமலிருக்க, நான் பின்னர் கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அது உண்மையான தேக்கம்தானா என்று அளந்து பாருங்கள். வாரம் ஒரே நாளில், காலையில் மலசலம் கழித்த பின், ஒரே எடைக் கருவியில் நின்று எடையைக் குறியுங்கள். அன்றே தையல்காரர் நாடாவால் இடுப்பு, தொடை, மேற்கை மூன்றையும் அளந்து எழுதுங்கள். நான்கு வாரங்கள் எடையும் அளவும் இரண்டுமே மாறாதபோதுதான் அதைத் தேக்கம் என்று நான் கொள்கிறேன். எடை நின்று இடுப்பளவு குறைந்தால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும் நிறுத்தம் பலருக்கும் நேர்வது. தொடக்கத்தில் உடல் தன் கையிருப்பான கிளைகோஜனை, அதாவது கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையை, செலவழிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால் எடை மளமளவென்று இறங்குகிறது. பிறகு உடல் அந்த நீரில் ஒரு பகுதியை மீண்டும் பிடித்து வைக்கும்போது, கரைகிற கொழுப்பைக் கருவி காட்டுவதில்லை. மலச்சிக்கலும் அதே வேலையைச் செய்யும் என்பதால், சேலத்து வெயிலில் நாள் முழுவதும் மிடறு மிடறாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்துவது அவசியம்.

ஆறு மாதத்திற்குப் பிறகு வரும் தேக்கம் வேறு வகை. 110 கிலோ உடலை நடமாட வைக்கத் தேவைப்பட்ட எரிசக்தி 80 கிலோ உடலுக்குத் தேவையில்லை; ஆகவே முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையை நிலைநிறுத்தும் சாப்பாடாகிவிடுகிறது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலோருக்கு இறக்கம் தானாகவே நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

இரண்டாம் படி: ஏழு நாட்கள், வாயில் போவது அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்த தோசை விளிம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் நோட்டில் அகப்பட்ட திருடன் காப்பி. ஏற்காட்டுக் கொட்டையை அரைத்து வைத்திருக்கும் வீட்டில் நாளுக்கு நான்கு டம்ளர் என்பது சாதாரணம். 100 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கொண்ட ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 100 கலோரி என்றால், நான்குக்கு 400. சுருங்கிய இரைப்பை திரவத்தைத் தடுப்பதில்லை.

அதே கதைதான் எங்கள் ஊர் நொறுக்குத்தீனியான தட்டுவடை செட்டுக்கும். மொறுமொறுப்பானவை மென்றதும் கூழாகி, குறுகிய இரைப்பைக் குழாயில் தங்காமல் வழுக்கிச் சென்றுவிடுகின்றன. கோழித்துண்டோ பனீரோ தங்கி வயிறு நிறைந்த உணர்வைத் தரும். ஆகையால்தான் மூன்று இட்லியை முடிக்க முடியாதவர் ஒரு பாக்கெட் மிக்ஸரைச் சிரமமின்றிக் காலி செய்கிறார்.

மூன்றாம் படி: புரதத்தை முதலில் உண்ணுங்கள். நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்குரிய அளவை உணவியல் நிபுணர் உறுதிசெய்வார். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் வேகவைத்த கோழியில் சுமார் 25, 100 கிராம் பனீரில் சுமார் 18, ஒரு கிண்ணம் தயிரில் 5 என்று கூட்டினால் 60 வந்துவிடும். சைவர்கள் சோயா உருண்டையை மறக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் யார் நோயில் விழுந்தாலும் முதலில் வருவது ஜவ்வரிசிக் கஞ்சி. அன்போடு தருகிறார்கள், மறுக்கவும் மனம் வராது. ஆனால் ஜவ்வரிசி என்பது குச்சிக்கிழங்கின் (மரவள்ளிக்கிழங்கின்) மாவுச்சத்து மட்டுமே, அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழியும் வரை நீர் அருந்தாதீர்கள்.

நான்காம் படி: நடையோடு நிற்காமல் தசைக்கும் வேலை கொடுங்கள். எடை குறையும்போது தசையும் கரைவதால் ஓய்விலிருக்கும் உடலின் எரிசக்திச் செலவும் இறங்குகிறது. அறுவை செய்த மருத்துவர் அனுமதித்த பிறகு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது ஆகியவற்றை வாரம் மூன்று நாட்கள் செய்யலாம். ஏற்காடு ஏரியைச் சுற்றி வருவது மனத்துக்கு நல்லது. ஆனால் முட்டி வலிக்கிறதென்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அவ்வகை மாத்திரைகளில் பல குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும்.

ஐந்தாம் படி: இவற்றைச் செய்தும் நான்கு வாரத்தில் மாற்றமில்லையெனில், நோட்டையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகிய பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் சில ஆகியவை எடையைப் பிடித்து வைக்கக்கூடும் என்பதால் மருந்துச் சீட்டுகளையும் கொண்டுசெல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், பாதத்தில் எரிச்சல் இவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரக் கணக்கை விட்டுவிட்டு அன்றே புறப்படுங்கள்.