கறுப்புத் துணியில் கறுப்பு நூலா? விளக்கைத் தாழ்த்துங்கள்

கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் தெரியவில்லை என்றால் தலைக்கு மேலே இன்னொரு டியூப் லைட் மாட்டாதீர்கள், வளைகிற கழுத்துள்ள சின்ன எல்இடி விளக்கு ஒன்றை மெஷினுக்கு இடப்பக்கம், ஊசிக்குக் கிட்டத்தில் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி லென்ஸும் மஞ்சளாவதால், 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சின்ன விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தாலே வெளிச்சம் சுமார் 4 மடங்காகும், அதுவும் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு தையலுக்கும் குட்டி நிழல் விழுந்து இழை தனியாகத் தெரியும். பல்பு மட்டும் நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. சாட்டின், ஜரிகைக்கு இது சரிப்படாது, கூசும். கண்புரை என்றால் விளக்கை விடுங்கள், டாக்டரிடம் போங்கள்.