சென்சார் ஆபரேட்டர் வேலைக்கு மொரிஷியஸில் இருந்தே தயாராவது எப்படி?

விமானத்தின் உள்ளே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரேடாரையும் அகச்சிவப்புக் கேமராவையும் இயக்குகிறவர்தான் சென்சார் ஆபரேட்டர். நம்மைச் சுற்றியுள்ள கடல் பரப்புக்கு இந்த வேலை எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த இருக்கை மெல்லத் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது: மேலே ஆளில்லா விமானம், கீழே நீங்கள். படகைக் கண்டுபிடித்துக் கட்டம் போட்டுக் காட்டுவதையும் மென்பொருளே செய்துவிடும். அந்தக் கட்டத்தை நம்பலாமா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும், அதற்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

முதலில் படம் பார்க்கப் பழகுங்கள், செலவே இல்லை. ஐரோப்பாவின் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோபர்நிக்கஸ் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களில் நம் தென்கிழக்குக் கரையில் உள்ள புவான்ட் தெஸ்னி பகுதியை, 2020 ஆகஸ்ட் மாதத்துக்கு, எடுத்துப் பாருங்கள். ஜூலை 25 அன்று பவளத்திட்டில் ஏறிய வகாஷியோ கப்பலில் இருந்து ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்த இடம் அது. எண்ணெய் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் ரேடாருக்குத் திரும்பும் எதிரொலி குறைந்து அந்த இடம் கறுப்பாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், காற்று இல்லாத கடலும் கறுப்புதான், பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் தண்ணீரும் கறுப்புதான், மென்பொருள் இரண்டையும் எண்ணெய் என்று அடித்துச் சொல்லக்கூடும். அன்றைய காற்றின் வேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அகச்சிவப்பிலும் இதே கதை: கெட்டியான எண்ணெய் பகலில் தண்ணீரைவிடச் சூடாகத் தெரியும், இரவில் தலைகீழாகிவிடலாம். இந்த அறிவு வந்துவிட்டால் எந்த நிறுவனத்தின் கருவியைக் கொடுத்தாலும் சமாளிப்பீர்கள்.

அப்புறம், ஏஐஎஸ். பெரிய கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமே அறிவிக்கும் ஏற்பாடு அது. ரேடாரில் ஒரு புள்ளி இருக்கிறது, ஏஐஎஸ்ஸில் அது இல்லை என்றால் உடனே கள்ளக் கப்பல் என்று முடிவு கட்டாதீர்கள், சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அந்தக் கருவியே கிடையாது.

ட்ரோன் ஓட்டும் பயிற்சி கிடைத்தால் சேருங்கள், பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தாலும் நல்லது. செயற்கைக்கோள் வழியாக ஆளில்லா விமானத்தின் கேமராவைத் திருப்பும்போது உங்கள் அசைவு திரையில் தெரிய ஓரிரு நொடி ஆகலாம், அவசரக் கைக்கு அது ஒத்துவராது.

கடைசியாகப் பேச்சு. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வரும், பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் பக்கம் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்தால் அது பெரிய பலம். வீட்டிலேயே ஒரு படத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அறிக்கை சொல்லிப் பாருங்கள்: எங்கே, என்ன, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் நகர்கிறது, இதில் எது உறுதி, எது சந்தேகம். அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.